சில்கா ஏரியில் ஓங்கில் தரிசனம்

பூஜை விடுமுறை வந்தால் பூரிக்குப் பயணமாவது வங்காளிகளின் நெடுநாளைய வழக்கம். கொல்கத்தாவில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் அவ்வழக்கத்தை மேற்கொண்டு பல காலமாயிற்று. ஹௌராவில் இரவு ரயிலேறினால் காலையில் ஜகந்நாதர் சந்நிதியை அடைந்துவிடலாம். ஸமுத்திர ஸ்நானமும் தரிசனமும் முடிந்தபின், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாதபடா என்னும் ஊருக்குச் செல்வோர் பலர். சில்கா ஏரி கடலோடு கலக்குமிடத்துக்கு அண்மையில் உள்ளது அவ்வூர். அங்கே டால்பின்களைக் காணலாம்.

டால்பினைத் தமிழில் ஓங்கில் என்பர். அயல்நாட்டுப் படங்களைக் கண்ட நம் பிள்ளைகள், அவற்றோடு கூடி நீந்தலாம் என்னும் ஆவலுடன் புறப்படுகின்றனர். அவ்வாவல் இயல்பே. ஆயினும் சாதபடாவில் படகிலிருந்து காண்பதுதான் முறை என்பதைப் பெற்றோர் முன்னதாகவே எடுத்துரைத்தல் நலம்.

சில்காவில் வாழ்பவை ஐராவதி ஓங்கில்கள். பெயர் பர்மிய நதியினுடையதாயினும், இவ்வினத்தை அறிஞர் ரிச்சர்ட் ஓவன் 1866-இல் விவரித்தது, 1852-இல் நம் விசாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கிடைத்த ஒன்றைக் கொண்டே. உருண்ட நெற்றி, நீளாத வாய், மழுங்கிய சிறு முதுகுத் துடுப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். படங்களில் வருவதுபோல் இது அடிக்கடி துள்ளிக் குதிப்பதில்லை. சாம்பல்நிற முதுகு ஒரு கணம் தோன்றி மறையும். ஏரியில் உள்ளவை ஏறத்தாழ 150 மட்டுமே.

கலங்கிய நீரில் கண்ணைவிட இதற்குச் செவியே துணை. தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டே இரையையும் வழியையும் அறிகின்றது. பல படகுகள் இயந்திரம் முழங்கச் சூழ்ந்துகொண்டால் அதன் நிலை என்னாகும்? இருளில் வழிதேடுபவன் கைவிளக்கைப் பறித்தாற்போலாகும் அன்றோ! சுழலும் விசிறியால் காயமுறுவதும் உண்டு. மீன்வலையில் சிக்கி மாள்வதும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் சேர்த்து இதனைக் காக்கின்றது.

மேல்நாட்டிலும் இவ்வுணர்வு வளர்ந்து வருகின்றது. ஹவாய்த் தீவுகளில் சுழல் ஓங்கில்கள் இரவில் இரைதேடிப் பகலில் கரையோரம் இளைப்பாறுபவை. நீந்த வருவோரால் அவற்றின் ஓய்வு கெடுவது கண்டு, 2021-இல் அமெரிக்க அரசு அவற்றை 50 கஜத்துக்குள் நெருங்குவதையே தடை செய்தது.

படகோட்டி மட்டும் இதற்குப் பொறுப்பாளியல்லன். "இன்னும் அருகே செல்லப்பா, மேலே பணம் தருகிறோம்" என்று பயணிகள் தூண்டும்போது, ஏரியை நம்பிப் பிழைக்கும் அவன் எவ்வாறு மறுப்பான்? ஆகவே படகேறுமுன்னரே, "தொலைவில் இயந்திரத்தை நிறுத்திவிடு; துரத்த வேண்டாம்; ஒன்றும் தென்படாவிடினும் பேசிய கூலியைத் தருகிறோம்" என்று சொல்லிவிடுதல் வேண்டும். நீரில் குப்பையை எறியாதிருத்தலும் அவசியம். அமைதியாகக் காத்திருந்தால், நீர்மேல் வந்து அது மூச்சுவிடும் ஓசை காதில் விழும். பிள்ளைகள் அதனை மறவார்.

பூரிக்குச் செல்ல வசதியற்றோரும் ஏங்க வேண்டுவதில்லை. கங்கை ஓங்கிலை வங்காளிகள் ஷுஷுக் என்பர். ஹூக்ளி நதியிலும் அது வாழ்கின்றது. முன்பு சென்னை மாகாணத்தில் பணியாற்றிப் பின்னர் சிவபூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1801-இல் அதனைப் பற்றி எழுதினார். பார்வை ஏறக்குறைய அற்றதாகிய அவ்வுயிரை 2009-இல் மத்திய அரசு தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அடுத்தமுறை நதிக்கரைக்குச் செல்லும்போது, பிள்ளைகளுடன் சற்று நேரம் படித்துறையில் அமர்ந்து நீர்ப்பரப்பை நோக்குங்கள்.