ஒன்பது ஆண்டுகள் திறந்திருந்த கதவு

கைப்பேசியில் ‘புதிய அப்டேட் வந்திருக்கிறது’ என்ற செய்தி வந்தால், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிவிடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதன் பின்னணி தெரிந்தால் அப்படித் தள்ள மனம் வராது.

ஆண்ட்ராய்ட் கைப்பேசிகளுக்கு அடித்தளமாக இருப்பது லினக்ஸ் கெர்னல். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இது. இதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். ‘இத்தனை பேர் பார்ப்பதில் ஓட்டை இருக்குமா?’ என்று கேட்கலாம். இருந்தது.

ஒரே தகவலை இரண்டு வேலைகள் படித்தால், கெர்னல் இரண்டுக்கும் ஒரே பிரதியைக் காட்டும். ஒன்று அதில் எழுத முற்பட்டால் மட்டும் தனிப் பிரதி எடுத்துத் தரும். நூலகப் புத்தகத்தில் கிறுக்க விடாமல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது போல. இந்தக் கைமாற்றத்தில் கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேர இடைவெளி ஒன்று இருந்தது. அதற்குள் நுழைந்தால் மூலத்திலேயே எழுதிவிடலாம். சாதாரணப் பயனாளர் கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம்.

டோர்வால்ட்ஸ் 2005-இலேயே இதற்கு ஒரு திருத்தம் எழுதினார். ஐபிஎம் பெருங்கணிப்பொறிகளில் அது தொல்லை தந்ததால் நீக்கப்பட்டது. 2007-இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து கதவு திறந்தே கிடந்தது. ஒரு சர்வர் மீது நடந்த தாக்குதலை ஆராய்ந்த பில் ஓஸ்டர் 2016-இல் இதைக் கண்டுபிடித்தார். ‘டர்ட்டி கௌ’ என்று பெயர் பெற்ற அந்த ஓட்டையை டோர்வால்ட்ஸே அவ்வாண்டு அக்டோபரில் அடைத்தார்.

இத்தகைய குறையைக் கண்டவர், முதலில் கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கு இரகசியமாகத் தெரிவிப்பதே முறை. குழு அந்தப் பகுதியை எழுதியவர்களோடு சேர்ந்து திருத்தம் தயாரிக்கும். தயாரான திருத்தத்தைப் பொதுவாக ஏழு நாளுக்குமேல் மறைத்து வைப்பதில்லை. மிக அரிதாகப் பதினான்கு நாள். திருடனுக்கு முன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும். அதேசமயம் நெடுநாள் மறைத்தால் திருடனே தானாகக் கண்டுபிடித்துவிடுவான். இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவே எடுத்த முடிவு அது. 2024 முதல் குறைகளுக்கு அடையாள எண் தரும் பொறுப்பையும் கெர்னல் குழுவே ஏற்றுள்ளது.

ஆனால் திருத்தம் வெளியானதும் நிரல் எல்லோருக்கும் தெரிவதால், எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். கைப்பேசி நிறுவனம் அதைத் தம் கருவிக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். கடைசியில் நாம் பொத்தானை அழுத்த வேண்டும். அதுவரை நம் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்.

ஆகவே, ஊரிலிருக்கும் பெற்றோரிடம் அடுத்த முறை பேசும்போது, அவர்கள் கைப்பேசியில் அப்டேட் போட்டாயிற்றா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட பழைய கைப்பேசியில் வங்கி வேலைகளைத் தவிர்ப்பது நல்லது.