நோன்பும் நீதியும்

பாரசீக மன்னனாகிய தரியு அரசாண்ட நான்காம் ஆண்டிலே, அஃதாவது கி.மு. 518ஆம் ஆண்டின் மாரிக்காலத்திலே, எருசலேமுக்குத் தூதுவர் சிலர் ஒரு வினாவுடன் வந்தனர். ஐந்தாம் மாதத்தில் அழுது நோன்பிருக்கும் வழக்கத்தை இனியும் தொடர வேண்டுமா என்பதே அவ்வினா. அதற்குக் கிடைத்த விடை விவிலியத்தில் சகரியா என்னும் தீர்க்கதரிசியின் நூலிலே காணப்படுகின்றது.

அந்நோன்பு தோன்றிய வரலாறு துயரமானது. கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். நகரம் முற்றுகையிடப்பட்டது பத்தாம் மாதம். மதில் உடைந்தது நான்காம் மாதம். ஆலயம் எரிந்தது ஐந்தாம் மாதம். எஞ்சிய மக்களுக்குத் தலைவனாயிருந்த கெதலியா கொலையுண்டது ஏழாம் மாதம். இந்நான்கு மாதங்களிலும் யூதர் நோன்பிருந்து வந்தனர். ஆயின், வினா எழுந்த காலத்தில் நிலைமை மாறியிருந்தது. சிறை சென்றோருட் பலர் திரும்பியிருந்தனர், கி.மு. 520இல் ஆலயத் திருப்பணியும் மீண்டும் தொடங்கியிருந்தது. எரிந்த ஆலயம் எழும்பும்போது அதற்காக அழுவது எதற்கு என்று அவர்கள் கேட்டது பொருத்தமே.

தீர்க்கதரிசியோ உடனே ஆம் என்றும் கூறவில்லை. அன்று என்றும் கூறவில்லை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாக நோற்ற நோன்பு உண்மையில் இறைவனுக்காகவா நோற்கப்பட்டது என்று திருப்பிக் கேட்டார். பின்னர், நேர்மையாக நீதி வழங்குதல், ஒருவர்க்கொருவர் இரக்கம் காட்டுதல், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் பரதேசியையும் ஏழையையும் ஒடுக்காதிருத்தல் என்பவற்றை நினைவூட்டினார். முன்னோர் இவற்றுக்குச் செவிசாய்க்க மறுத்தமையாலேயே நாடு பாழாயிற்று என்றும் எடுத்துக்காட்டினார்.

விடையின் கூர்மை இங்கேதான் உள்ளது. அநீதியினால் ஒரு நகரம் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சிக்காக ஆண்டுதோறும் அழுகின்றவர், அதே அநீதியைத் தாமும் செய்வாராயின், அவருடைய கண்ணீர் இழப்பிற்காக வடிந்ததேயன்றிக் குற்றத்திற்காக வடிந்ததன்று. அத்தகைய நோன்பு மற்றொரு வீழ்ச்சியைத் தடுக்க மாட்டாது.

ஏசாயா நூலின் 58ஆம் அதிகாரமும் இதனையே இன்னும் வெளிப்படையாகக் கூறுகின்றது. தாம் நோன்பிருந்தும் இறைவன் நோக்கவில்லையே என்று மக்கள் முறையிடுகின்றனர். நோன்பு நாளிலேயே அவர்கள் தம் ஆதாயத்தைத் தேடுவதையும், வேலையாட்களை வருத்துவதையும், சண்டையிட்டுக் கைகலப்பதையும் தீர்க்கதரிசி சுட்டுகின்றார். இரட்டு உடுத்துச் சாம்பலில் அமர்வது மட்டும் போதாது. ஒடுக்கப்பட்டோரின் கட்டை அவிழ்ப்பதும், பசித்தவனுக்கு உணவைப் பகிர்வதும், வீடற்றவனுக்கு இடமளிப்பதும், ஆடையற்றவனுக்கு உடுத்துவதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்கின்றார்.

இதனால் தீர்க்கதரிசிகள் நோன்பை வேண்டாதொழித்தனர் என்று கொள்ளலாகாது. ஏழாம் மாதம் பத்தாம் நாளாகிய பாவநிவாரண நாளில் தம்மைத் தாழ்த்துமாறு லேவியராகமம் கட்டளையிடுகின்றது. யூதர் இன்றும் அந்நாளில் உண்ணாது நோற்கின்றனர். அந்நாட் காலையில் ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படும் பகுதியில் மேற்கூறிய ஏசாயாவின் கண்டனமும் அடங்கியுள்ளது. வெறும் வயிற்றோடு இருப்பவரே, வெறும் நோன்பு போதாது என்பதைக் கேட்கின்றனர்.

தூதுவரின் வினாவுக்குச் சகரியா இறுதியில் ஒரு விடை தருகின்றார். அந்நான்கு நோன்புகளும் மகிழ்ச்சியான திருநாட்களாக மாறும். ஆகையால் மக்கள் உண்மையையும் சமாதானத்தையும் விரும்ப வேண்டும் என்பதே அது. ஆலயம் கி.மு. 515 அளவில் கட்டி முடிக்கப்பட்டது. கி.பி. 70இல் உரோமர் அதனையும் அழித்தனர். ஐந்தாம் மாத நோன்பு இன்றும் நோற்கப்படுகின்றது. எத்தனை ஆண்டுகள் நோற்பது என்று தூதுவர் கேட்டனர். நோற்பவன் அயலானை எவ்வாறு நடத்துகின்றான் என்று தீர்க்கதரிசி கேட்டார். முதல் வினாவின் விடை இரண்டாவதன் விடையிலேயே தங்கியுள்ளது.