வீட்டு வரியில் வந்த புத்தகம்

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் காலையில் விரித்துப் படிக்கும் நாளிதழுக்கும், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் கதைப் புத்தகத்துக்கும் பணம் கொடுப்பவர் யார்? அரசாங்கம் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதி உங்கள் வீட்டு வரியில் இருக்கிறது. அந்த வரியோடு நூலக வரி என்ற சிறு தொகையும் சேர்த்து வாங்கப்படுகிறது. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்ப்போம்.

சட்டம் வருவதற்கு முன்பும் நம் சிறு நகரங்களில் வாசகசாலைகள் இருந்தன. வசதி படைத்த ஒருவர் அலமாரி கொடுப்பார். இன்னொருவர் தம் வீட்டுத் திண்ணையை விட்டுக்கொடுப்பார். உறுப்பினர் சந்தாவில் பத்திரிகை வரும். கொடுத்தவர் மறைந்தாலோ, சந்தா நின்றுபோனாலோ அலமாரிக்குப் பூட்டு விழும். அதன் பிறகு அந்தப் புத்தகங்களைப் படிப்பது கரையான்தான்.

மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் புறப்பட்ட மாட்டுவண்டி நூலகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை தம் சொந்த முயற்சியில் அதை உருவாக்கினார். புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வண்டி சிற்றூர்களுக்குச் சென்றது. படிக்க வருவோருக்காகக் காத்திராமல், படிப்போர் இருக்கும் இடத்துக்கே நூல் சென்றது அந்நாளில் புதுமை. ஆனால் ஒரு தனிமனிதரின் ஆர்வமும் கைப்பணமும் எத்தனை வண்டிகளை, எத்தனை ஆண்டுகள் ஓட்ட முடியும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் கணக்கு ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, நூலகக் கலை பயில இங்கிலாந்து சென்றார். லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டன் நகரப் பொது நூலகத்தில் பயிற்சி பெற்றபோது, எல்லாத் தரப்பு மக்களும் நூலகத்தைத் தங்கள் உடைமை போல் பயன்படுத்துவதைக் கண்டார்.

அந்த நாட்டில் 1850ஆம் ஆண்டிலேயே நூலகச் சட்டம் வந்துவிட்டது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரி விதிக்கலாம்; கட்டடம் கட்டலாம்; ஆள் அமர்த்தலாம்; ஆனால் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கக் கூடாது! அதுவும் பத்தாயிரம் மக்களுக்கு மேல் வாழும் நகரங்களுக்கு மட்டுமே. 1855இல்தான் வரி ஒரு பென்னியாகி, புத்தகம் வாங்கவும் வழி பிறந்தது. மக்கள்தொகை வரம்பும் ஐயாயிரமாகக் குறைந்தது. சிறிய ஊர்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

ரங்கநாதன் 1930இல் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை வரைந்து, காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் முன்வைத்தார். அதற்குப் பலன் கிடைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் இதுவே. 1950இல் அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் கேட்டது வரியில் ரூபாய்க்கு ஆறு பை, அதாவது அரை அணா. ஒரு ரூபாய்க்கு 192 பைகள். ஆகவே நூலகத்தின் பங்கு முப்பத்திரண்டில் ஒன்று. பத்து ரூபாய் வீட்டு வரி கட்டியவர் நூலகத்துக்காக மேலும் ஐந்து அணா கொடுத்தார். வசூலானதற்குக் குறையாத தொகையை அரசும் தர வேண்டும். சென்னை நகருக்கு மட்டும் இது பொருந்தாது. பின்னாளில் இந்த வரி படிப்படியாக உயர்ந்து ரூபாய்க்குப் பத்துக் காசாயிற்று.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஓட்டு வீடுகளே நிறைந்த ஒரு சிறு பேரூரில் வசூலாகும் நூலக வரியைக் கொண்டு ஒரு நூலகரின் சம்பளத்தைக்கூடக் கொடுக்க முடியாது. அதனால் ஒவ்வோர் ஊரும் தன் வரியைக் கொண்டு தானே நூலகம் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. வரிப்பணம் அதனிடம் சேரும். அங்கிருந்து கிளைகளுக்குப் பிரியும். மாடி வீடுகள் நிறைந்த நகரம் கட்டும் வரி, ஓட்டு வீட்டு ஊரின் நூலகத்துக்கும் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் வேரூன்றியதற்கு இந்தப் பொதுப்பையே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. நூலக வரி, வீட்டு வரியின் வால். வீட்டு வரி பல ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடந்தால் வாலும் வளராது. புத்தக விலையோ அதற்காகக் காத்திருப்பதில்லை. வரியை வசூலிப்பது உள்ளாட்சி மன்றம், செலவிடுவது ஆணைக்குழு. இடையில் பணம் தங்கிவிட்டால் முதலில் அடிபடுவது புதுப் புத்தகங்கள்தாம். சம்பளத்தை நிறுத்த முடியாது. மின் கட்டணத்தையும் நிறுத்த முடியாது.

மற்ற மாநிலங்களும் பின்னர்ச் சட்டம் இயற்றின. ஆந்திரம் 1960இலும், கர்நாடகம் 1965இலும் வரியோடு கூடிய சட்டத்தைக் கொண்டுவந்தன. மகாராட்டிரம் 1967இலும், மேற்கு வங்கம் 1979இலும் சட்டம் செய்தன. ஆனால் நூலக வரி விதிக்கவில்லை. அங்கே நூலகங்கள் பெரும்பாலும் அரசின் மானியத்தையே எதிர்பார்த்து நிற்கின்றன.