சைக்கிள் பிரயாணமும் குழந்தைப் புற்றுநோயும்

சில பத்தாண்டுகளுக்கு முன்வரை தென் மாவட்டத்துக் கிராமத் திடல்களில் ஒரு வேடிக்கை நடப்பதுண்டு. நடுவே ஒரு கம்பம் நட்டு, அதில் குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டிவிட்டு, எங்கிருந்தோ வந்த இளைஞன் ஒருவன் இரவு பகலாகக் கால் தரையில் படாமல் அக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் மிதிப்பான். சைக்கிளின் மேலேயே குளிப்பான், உண்பான், சட்டை மாற்றுவான். மாலையில் கூடும் ஜனங்கள் அவன் படும் சிரமத்தைக் கண்டு மனமிளகி, ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ அவன் சட்டையில் ஊக்கால் குத்திவிட்டுப் போவார்கள். அவன் எந்தப் பண்டத்தையும் விற்கவில்லை. ஒருவன் தன் உடம்பை வருத்திக்கொள்வதைக் கண்டால் பார்ப்பவர் கை தானே மடிக்குப் போகும் என்ற மனித சுபாவத்தை நம்பியே அவன் ஊர் ஊராக வந்தான்.

அந்தச் சுபாவத்தை, மிதிப்பவருக்கன்றி நோயுற்ற வேறொருவருக்குப் பயன்படும்படி ஒழுங்கு செய்துகொண்டதே, இன்று பல தேசங்களில் நடைபெறும் நிதி திரட்டும் சைக்கிள் பிரயாணம். இன்ன நாளில் இத்தனை கிலோமீட்டர் மிதிக்கப்போகிறேன் என்று ஒருவர் தம் உற்றார் உறவினருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் முன்கூட்டி அறிவிக்கிறார். அவர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றோ மொத்தமாக இவ்வளவு என்றோ தருவதாக வாக்களிக்கிறார்கள். பணம் நேராக மருத்துவமனைக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்ச் சேருகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 1980-இல் சுமார் முப்பத்தைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பிராவின்ஸ்டவுன் கடற்கரை வரை மிதித்தபோது சேர்ந்தது சுமார் 10,000 டாலர். 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்ற அப்பயணம் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடந்து, 2024-இல் மொத்த வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. 2013-இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய 'கிரேட் சைக்கிள் சேலஞ்ச்' குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்றே நடப்பது. அதில் அனைவரும் ஓரிடத்தில் கூட வேண்டியதில்லை. குறித்த ஒரு மாதத்தில் அவரவர் தம் ஊர்ச் சாலையிலேயே தாம் நிச்சயித்த தூரத்தை மிதித்துக் கணக்குக் காட்டினால் போதும்.

பான்-மாஸ் பணம் போய்ச் சேரும் 'ஜிம்மி நிதி'யின் கதையை நாம் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் அதன் மூலத்தில் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் தம் குழுவினருடன் உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் சிட்னி ஃபார்பர் 1947-இன் இறுதியில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியது. அந்நாளில் அது ஓர் அதிசயமாகவே இருந்தது. அம்முடிவுகள் 1948 ஜூனில் அச்சேறின; ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அவர் குழுவின் மற்றொரு படைப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றைக்கும் மதுரையில் சிகிச்சை பெறும் குழந்தைக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று.

அதே 1948-இல் மே 22 அன்று ஃபார்பரின் நோயாளியான ஒரு சிறுவனின் குரல் வானொலியில் ஒலிபரப்பாகியது. அவனுடைய பெயரையோ ஊரையோ சொல்லாமல் 'ஜிம்மி' என்ற புனைபெயரை வைத்தார்கள். அப்பெயரிலேயே நிதி திரட்டப்பட்டு, அவ்வாண்டிலேயே இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சிறுவனும் பிழைத்து, முதியவராகும் வரை வாழ்ந்தார். அவர் யார் என்பது அரை நூற்றாண்டுக்குப் பின்னரே உலகுக்குத் தெரிந்தது. மூக்கில் குழாயும் கண்ணில் நீருமாகக் குழந்தையின் முகத்தைக் கைபேசித் திரையில் காட்டிப் பணம் கேட்கும் இன்றைய வழக்கத்தைப் பார்க்கையில், எழுபது ஆண்டுக்கும் முந்திய அந்த மரியாதை எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது.

இனி நம் நாட்டு நிலைமை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் காண்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. செல்வ தேசங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் குணமடைகிறார்கள். ஏழை தேசங்கள் பலவற்றில் முப்பது பேர்கூட இல்லை. 2030-க்குள் உலக அளவில் நூற்றுக்கு அறுபது பேரையாவது பிழைக்கவைக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2018-இல் குறிக்கோள் வகுத்தது. இந்த வித்தியாசத்துக்கு மருந்து கண்டுபிடிக்கப்படாதது முக்கிய காரணமன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1960-இலேயே குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவு வந்துவிட்டது. மதுரையிலும், பெரியாஸ்பத்திரி என்று ஜனங்கள் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனை முதல் மேலூர் சாலையிலுள்ள மீனாட்சி மிஷன் வரை சிகிச்சைக்கு இடமுண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது.

ஆனால் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வது. காப்பீடு ஊசிக்குப் பணம் தரும். உடன் வரும் தாய் இழக்கும் நாற்று நடவுக் கூலியை எது தரும்? புற்றுநோயாளிக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. மதுரை மாவட்டத்து மேலூருக்கோ ரயிலே கிடையாது. மருந்தின் உக்கிரத்தால் ரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து உடம்பில் ஏற வேண்டும். கொட்டாம்பட்டிக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் நள்ளிரவில் காய்ச்சல் வந்தால், அக்குடும்பத்துக்கு வேண்டியது வாடகை வண்டிக்கான பணம். அதைவிட மேலானது, மருத்துவமனைக்கு அருகே சுத்தமான ஓர் அறை. முதல் சில மாதங்களில் குழந்தை தெளிந்து விளையாடத் தொடங்கியதும், குணமாகிவிட்டது என்று எண்ணியோ கடன் பொறுக்காமலோ, நடுவிலேயே சிகிச்சையை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. அவர்களைக் குறை சொல்வது சுலபம். திரும்பி வந்த நோயைத் தீர்ப்பதோ முன்னைவிடப் பன்மடங்கு கடினம்.

ஆகவே மாசசூசெட்ஸில் மிதித்துச் சேர்த்த பணம் ஆராய்ச்சிக்குப் போவது எவ்வளவு நியாயமோ, மேலூரில் மிதித்துச் சேர்க்கும் பணம் அறைவாடகைக்கும் சத்துணவுக்கும் இராப் பிரயாணத்துக்கும் போவதும் அவ்வளவு நியாயம் என்பது என் அபிப்பிராயம். 2006-இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா என்ற அமைப்பு, தொலைவிலிருந்து வரும் குழந்தைகளையும் பெற்றோரையும் கட்டணமின்றித் தங்கவைத்து இதைத்தான் செய்துவருகிறது. சென்னையிலும் அதன் விடுதிகள் உண்டு.

நம் ஊரில் இப்படி ஒன்றை நடத்த எண்ணுவோர் நான்குவழிச் சாலையை விட்டுவிடுவது உசிதம். கல் ஏற்றிய லாரிகளுக்கிடையே தர்மத்தைத் தேட வேண்டாம். ஒரு மாதம் அவரவர் வசதிப்படி, விடியற்காலையில், அழகர்கோவில் பக்கமாகவோ அரிட்டாபட்டிப் பக்கமாகவோ மிதிக்கும் ஆஸ்திரேலிய முறையே நமக்குப் பொருந்தும். பணத்தை எந்தத் தனிமனிதர் கணக்கிலும் வாங்காமல், பதிவு பெற்ற அறக்கட்டளைக்கே நேராகச் செலுத்தச் செய்ய வேண்டும். நன்கொடைக்கு வரிக்கழிவு அளிக்கும் சான்று பெற்ற அமைப்பானால், பழைய முறையில் வருமான வரி கட்டுவோருக்குக் கழிவும் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. சேர்ந்தது எவ்வளவு, பனியனுக்கும் பந்தலுக்கும் போனது எவ்வளவு என்ற கணக்கை ஊரறிய வெளியிட வேண்டும். எந்தக் குழந்தையின் படமும் பதாகையில் வேண்டாம்.

மிதித்துக்கொண்டு போகிறவர்கள் தேநீர்க் கடைகளில் இறங்கும்போது, பணம் கேட்பதோடு ஒரு செய்தியையும் சொல்லிவிட்டு வரலாம். கைக்குழந்தையின் கண்மணி, விளக்கொளியிலோ கைபேசிப் படத்திலோ பூனைக்கண் போல வெள்ளையாகத் தெரிந்தால், அது ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் கண் புற்றுநோயாக இருக்கக்கூடும். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளுடன் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் அதற்குப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. சீக்கிரம் போனால் உயிரோடு பெரும்பாலும் பார்வையையும் காப்பாற்றலாம், தாமதித்தால் கண்ணையே எடுக்க நேரும்.