இலவச விளையாட்டின் விலை

இலண்டனைச் சேர்ந்த அஸ்டூ நிறுவனம் 2014இல் 'மான்யுமென்ட் வேலி' என்னும் கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது. ஆண்ட்ராய்டில் நிறுவப்பட்ட பிரதிகளுள் 5 விழுக்காடும், ஐஓஎஸ் கருவிகளில் 40 விழுக்காடும் மட்டுமே விலை கொடுத்துப் பெறப்பட்டவை என்று 2015 ஜனவரியில் அது அறிவித்தது. ஒருவரே பல கருவிகளில் நிறுவுவதும் உண்டாதலால், எஞ்சியவை அனைத்தும் திருட்டுப் பிரதிகள் அல்ல என்றும் தெளிவுபடுத்தியது.

விற்பனையே சிறு படைப்பாளரின் ஊதியம். திருட்டுப் பிரதியால் அவருக்கு நேரும் இழப்பு நம்மையும் தொடரக்கூடும். அங்கீகாரமற்ற தளங்களில் கிடைக்கும் ஏபிகே கோப்பில் தீநிரல் ஒளிந்திருக்கலாம். குறுஞ்செய்திகளைப் படிக்க அதற்கு அனுமதி அளித்துவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதன் வசமாகும். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணிலும் வங்கியிலும் தெரிவித்தல் வேண்டும்.

பிள்ளைகள் விளையாடும் கைப்பேசியில்தான் நம் சேமிப்புக் கணக்கும் இருக்கிறது என்பதை மறவாதிருப்போம்.