அடைப்பு இருந்தாலே ஸ்டென்ட் வைக்கணுமா?

'80 சதவீத அடைப்பு' என்றதும் நகையை அடகு வைக்க ஓடுகிற குடும்பங்கள் உண்டு. மாரடைப்பு என்றால் ஸ்டென்ட் உயிர் காக்கும், தாமதமே கூடாது. ஆனால், வேகமா நடந்தால் நெஞ்சு வலி, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்பவர்களுக்கு?

இதைத்தான் 'இஸ்கீமியா' ஆய்வு சோதித்தது. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேர். முடிவு 2020இல் வெளியானது. மாத்திரையோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், முதலில் மாத்திரையை மட்டும் நம்பியவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட்டால் வலி நன்றாகவே குறைந்தது. அது சின்ன விஷயமில்லை.

இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள், இதயம் ரொம்ப பலவீனமானவர்கள் இந்த ஆய்வில் இல்லை. அவர்கள் கணக்கு வேறு. மற்றவர்கள் டாக்டரிடம் கேட்கலாம்: 'ஸ்டென்ட் வலி குறையவா, உயிர் காக்கவா?' எப்படியானாலும் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.