ஒரே தாளில் நாலு பேர் எழுதினால்...

கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. அதற்குத் தெற்கே, சினிமா ஸ்டூடியோக்கள் நிறைந்த பகுதி டாலிகஞ்ச். பி.என். சர்க்காரின் நியூ தியேட்டர்ஸ் 1931-ல் எழுந்தது இங்கேதான். அந்தக் காலத்தில் தமிழ்ப் படக்காரர்களும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். பாகவதரின் 'அம்பிகாபதி' (1937) கல்கத்தாவில் எடுத்த படம். டைரக்டர் எல்லிஸ் டங்கன் அமெரிக்கர், தமிழே தெரியாது. வசனம் இளங்கோவன். தமிழை இன்னொருவர் மொழிபெயர்த்துச் சொல்லித்தான் டைரக்டருக்கு வேலை ஓடியது.

இன்று இதற்கு ரயிலேற வேண்டியதில்லை. டாலிகஞ்சில் ஒருவரும் தாம்பரத்தில் ஒருவரும் ஒரே தாளை இண்டர்நெட்டில் திறந்து, ஒரே நேரத்தில் எழுதலாம். இவர் அடிக்கும் எழுத்து அவர் கண்முன்னே விழும். 2005-ல் 'ரைட்லி' என்று வந்த வசதியை 2006-ல் கூகிள் வாங்கியது. இப்போது அது 'டாக்ஸ்'. சாதாரண உபயோகத்துக்குக் காசு கிடையாது.

சங்கத்து ஆண்டு மலர் போடுகிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். முன்பெல்லாம் கட்டுரை தபாலில் வந்து, திருத்தத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி வருவதற்குள் பொங்கலே முடிந்துவிடும். இப்போது ஆபீஸ் விட்டு வந்த குமாஸ்தா இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு பக்கம் திருத்திவிடுவார்.

எழுத்துருத் தொல்லை

ஆனால் தமிழருக்கென்று தனித் தலைவலி ஒன்று உண்டு. பழைய மலர்கள் 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றை அப்படியே இந்தத் தாளில் ஒட்டினால் தமிழ் மறைந்து, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். தமிழக அரசே யூனிகோடை ஏற்றது 2010-ல்தான் என்றால், வீட்டுக் கம்ப்யூட்டர்களில் கிடக்கும் பழைய சரக்கைச் சொல்ல வேண்டுமா?

இதற்காவது மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறது. மனஸ்தாபத்துக்கு இல்லை. "நான் எழுதியதை யாரய்யா மாற்றியது?" என்று ஒரு பெரியவர் கேட்டால் பதில் உடனே கிடைக்கும், யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்று கருவி குறித்து வைத்திருக்கிறது. பழைய வடிவத்தையும் மீட்கலாம். போன சொல் திரும்பிவிடும், பெரியவர் திரும்புவாரா? ஐம்பது வருடக் கல்கத்தா வாழ்க்கையைப் பேனாவால் எழுதித் தந்தவர் அவர். டைப் அடித்தது வேறொரு கை, திருத்தியது மூன்றாவது கை. அவருடைய 'கல்கத்தா' அச்சில் 'கொல்கத்தா' ஆகியிருக்கும்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் இந்தச் சங்கடம் உண்டு. ஒரே பத்தியை இருவர் திருத்தினால், பிந்திச் சேமிப்பவரிடம் மோதல் என்று சொல்லிவிடும். அவர்தான் உட்கார்ந்து இரண்டையும் இணைக்க வேண்டும். பேச்சுப் பக்கத்தில் வாதாடி முடிவு காணும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. சங்கத்து மலருக்கு அது இல்லை.

கருவியே காணாமல் போவதும் உண்டு. 2009-ல் கூகிள் தடபுடலாக அறிவித்த 'வேவ்', 2010-லேயே கைவிடப்பட்டது.

டாக்ஸில் தாளின் சொந்தக்காரர் மற்றவர்களுக்கு மூன்று விதமாக அனுமதி தரலாம்: படிக்க மட்டும், குறிப்பு எழுத மட்டும், திருத்தவும் சேர்த்து. பெரியவரின் கட்டுரைக்கு நடுவில் உள்ளதே போதும். அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு பிரதி எடுத்து அவர் வீட்டில் கொடுத்துவிட்டால், பேனாவால் திருத்தித் தருவார்.